புதுப்பள்ளியின் ஞாயிற்றுக்கிழமைகள்

கம்பத்திலிருந்து கோட்டயம் போகும் பஸ் குமுளி மலை ஏறி, பீருமேடு, முண்டக்கயம், காஞ்ஞிரப்பள்ளி என்று இறங்கி, கடைசியில் பாம்பாடி, மணர்காடு வழியாக நகரத்துக்குள் நுழையும். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே கிடக்கும் அந்தப் பாம்பாடியும் மணர்காடும் புதுப்பள்ளி சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தவை. மொத்தம் எட்டு பஞ்சாயத்துகள். 1970 முதல் 2023 வரை அந்தத் தொகுதிக்கு ஒரே எம்.எல்.ஏ.தான். அவர் உம்மன் சாண்டி, காங்கிரஸ்காரர், இரண்டு முறை கேரள முதல்வராக இருந்தவர்.

பன்னிரண்டு தேர்தல், ஒரே தொகுதி, ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. தமிழ்நாட்டில் கலைஞர் பதின்மூன்று முறை நின்று பதின்மூன்று முறையும் வென்றார். ஆனால் குளித்தலை, தஞ்சாவூர், சைதாப்பேட்டை, அண்ணா நகர், துறைமுகம், சேப்பாக்கம், திருவாரூர் என்று அவருக்குத் தொகுதிகள் மாறின. சொந்த ஊரிலேயே நின்று, அந்த ஊர்க்காரர்களிடமே ஐம்பத்து மூன்று வருடம் பதில் சொல்வது வேறு விதமான வாழ்க்கை. அங்கே யாருக்கும் நீங்கள் புதியவர் ஆக முடியாது. உங்களுடன் பள்ளிக்கூடம் போனவரும் வாக்காளர், அவருடைய பேரனும் வாக்காளர்.

அந்த வாழ்க்கையைப் பற்றி எழுத எனக்கு ஆசை வந்து நாளாகிறது. நம் ஊர்களில் எம்.எல்.ஏ.வைப் பார்ப்பது என்பதே ஒரு தனி வேலையாகிவிட்டது. கட்சிக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் உதவியாளரைப் பிடித்து, கல்யாண மண்டபத்து வாசலிலோ துக்க வீட்டிலோ கார் கிளம்பும் நேரத்தில் மனுவை நீட்ட வேண்டும். உம்மன் சாண்டியை எங்கே, எப்போது பார்க்கலாம் என்பது கோட்டயம் ஜில்லாவில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, புதுப்பள்ளியில், கரோட்டு வள்ளக்காலில் வீட்டு முற்றம். திருவனந்தபுரத்தில் என்ன பதவி வகித்தாலும் ஞாயிறன்று ஊருக்கு வந்துவிடுவார். புனித ஜார்ஜ் ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தில் குர்பானா என்ற ஞாயிறு வழிபாட்டை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தால், முற்றம் நிறைய ஆட்கள் நிற்பார்கள். தலைநகரில் அவர் வீடு கட்டியபோது அதற்கு வைத்த பெயரும் ‘புதுப்பள்ளி ஹவுஸ்’தான்.

நான் சில வருடங்கள் கோட்டயத்தில் ஒரு ரப்பர் வியாபாரியிடம் கணக்கு எழுதினேன். உம்மன் சாண்டி எதிர்க்கட்சித் தலைவராக இருந்த காலம், அதாவது 2006-க்குப் பிறகு. எங்கள் கிடங்கில் சுமை ஏற்றி இறக்கும் ஒரு சேட்டனின் அம்மாவுக்கு வந்துகொண்டிருந்த விதவை பென்ஷன் திடீரென்று நின்றுபோனது. ஓர் அலுவலகத்தில் ஒரு சான்றிதழ் கேட்டார்கள். அதை வாங்கிக் கொடுத்ததும் இன்னொன்று கேட்டார்கள். இரண்டையும் கொடுத்த பிறகு கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். எங்கே மேலே என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. சேட்டன் சி.ஐ.டி.யு. சங்க அட்டை வைத்திருப்பவர், மார்க்சிஸ்ட் கட்சிக்கு விசுவாசமான குடும்பம். கடைசியில் அவரே ஒரு ஞாயிற்றுக்கிழமை குஞ்ஞூஞ்ஞுவைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். ஊரில் உம்மன் சாண்டிக்கு அதுதான் பெயர். மனு எழுத ஆள் வேண்டுமென்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே டோக்கன் கிடையாது. வரிசை என்று சொல்லக்கூடிய ஒன்றும் இல்லை. கசங்கிய கதர்ச் சட்டையும் வாராத தலையுமாக அவர் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் பக்கவாட்டிலிருந்து காகிதத்தை நீட்டினார்கள். ஒருவர் கல்யாணப் பத்திரிகை கொடுத்தார். எங்கள் முறை வந்தபோது, பணம் கடைசியாக வந்தது எந்த மாதம் என்று கேட்டார். அலுவலகத்தில் யாரிடம் பேசினீர்கள் என்று கேட்டார். மனுவின் மேல் ஓரத்தில் ஏதோ கிறுக்கினார். பக்கத்தில் நின்றவரின் போனை வாங்கிச் சம்பந்தப்பட்ட ஓர் அதிகாரியிடம் இரண்டு நிமிடம் பேசினார். அவ்வளவுதான், கூட்டம் எங்களை வெளியே தள்ளிவிட்டது. எந்தக் கட்சி என்று அவரும் கேட்கவில்லை, அவரைச் சுற்றி நின்ற ஆட்களும் கேட்கவில்லை. சில வாரங்களில் நிலுவையோடு பணம் வந்தது. அடுத்த தேர்தலிலும் சேட்டன் அரிவாள் சுத்தியலுக்குத்தான் ஓட்டுப் போட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இந்தக் காட்சியில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டு கேள்விகள். மனுவை வாங்கி உதவியாளரிடம் கொடுத்து, ‘பார்த்துக்கறேன்மா’ என்று சொல்வதற்குப் பெயர் குறை கேட்பது இல்லை. எந்த மேஜையில் கோப்பு நிற்கிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் அந்தப் பெயர் பொருந்தும். சில பத்தாண்டுகளாகத் தினமும் அதைச் செய்த ஒருவருக்கு, மாநில நிர்வாகம் எந்த இடத்தில் முடிச்சு விழும் என்பது கைரேகை மாதிரித் தெரிந்திருக்கும்.

அவருடைய அரசியல் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். 1970 செப்டம்பரில் முதல் தேர்தல். வயது 26. கேரள மாணவர் யூனியன் தலைவராக இருந்து இளைஞர் காங்கிரசுக்கு வந்திருந்த பையன், மார்க்சிஸ்ட் கட்சியின் சிட்டிங் எம்.எல்.ஏ. இ.எம். ஜார்ஜை 7,288 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 1977-இல் தொழிலாளர் நலத்துறை அமைச்சர். 1980-இல் காங்கிரசிலிருந்து பிரிந்த ஏ.கே. அந்தோணியின் அணியோடு இடதுசாரிக் கூட்டணிப் பக்கம் நின்று வென்றார். அடுத்த ஆண்டே அந்த அணி கூட்டணியை விட்டு வெளியேறியது. காங்கிரஸ் முதல்வர் கருணாகரனின் குறுகிய கால ஆட்சியில் உள்துறை அமைச்சரானார். 1982-இல் மறுபடி மக்களிடம் போனார், மறுபடியும் வென்றார். வேறொருவர் என்றால் அந்த இரண்டு தாவல்களுக்குத் தொகுதி தண்டனை கொடுத்திருக்கும். புதுப்பள்ளி கட்சியைப் பார்க்காமல் ஆளுக்கு ஓட்டுப் போட்டது.

1991-இல் நிதியமைச்சர். 1994-இல் எம்.ஏ. குட்டப்பன் என்ற தலித் தலைவருக்கு மாநிலங்களவை சீட் மறுக்கப்பட்டதை எதிர்த்துப் பதவியை ராஜினாமா செய்தார். அதற்குப் பின்னால் கருணாகரன், அந்தோணி அணிகளின் சண்டையும் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. கேரளத்துக் காங்கிரஸ் கட்சியின் கோஷ்டி அரசியலில் அவர் கைதேர்ந்தவர். வீட்டு முற்றத்தில் எளிமையாக நின்றவர் கட்சிக்குள் காய் நகர்த்துவதில் யாருக்கும் சளைத்தவர் இல்லை. இரண்டும் ஒரே மனிதர்தான். 2004-இல் முதல் முறை முதல்வர். 2011-இல் இரண்டாம் முறை, 140 பேர் கொண்ட சபையில் 72 பேரை வைத்துக்கொண்டு. அந்த 72-ஐ ஐந்து வருடம் உடையாமல் காப்பாற்றியதையே ஒரு சாதனையாகச் சொல்பவர்கள் உண்டு.

எங்கள் கம்பம் பக்கத்தில் 2011 கடைசியில் அவர் பெயரை நல்லவிதமாகச் சொல்லிவிட முடியாது. முல்லைப் பெரியாறு பிரச்சினை கொதித்துக்கொண்டிருந்த மாதங்கள் அவை. குமுளி வழி அடைபட்டது, ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போனவர்கள் அடிக்குப் பயந்து காட்டு வழியில் இறங்கி வந்தார்கள். புதிய அணை வேண்டும் என்று அந்தப் பக்கம் நின்ற முதல்வர் அவர். 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் அணையில் 142 அடி வரை தண்ணீர் தேக்க அனுமதி கொடுத்தபோது நாங்கள் பட்டாசு வெடித்தோம். அவரைப் பற்றி மரியாதையோடு எழுதுவதற்கு அவருடைய எல்லா நிலைப்பாட்டையும் நான் ஏற்க வேண்டும் என்றில்லை. தன் மாநிலத்துக்காகப் பேசினார், நாங்கள் எங்கள் தண்ணீருக்காகப் பேசினோம்.

விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு அதானி குழுமத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தானது அவர் காலத்தில், 2015 ஆகஸ்டில். கொச்சி மெட்ரோ கட்டுமானம் தொடங்கியது அவர் காலத்தில். இவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு அவற்றைவிட முக்கியமாகத் தெரிவது 2012-இல் வந்த ‘ஸ்ருதிதரங்கம்’ திட்டம். காது கேளாமல் பிறந்த, ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சையை அரசே இலவசமாகச் செய்துகொடுக்கும் திட்டம் அது. கருவிக்கு மட்டும் பல லட்ச ரூபாய் ஆகும். அறுவை சிகிச்சை முடிந்தால் வேலை முடிந்துவிடாது. ஒலி என்றால் என்ன என்று குழந்தைக்குப் பழக்க மாதக்கணக்கில் பயிற்சி வேண்டும். வெளியே மாட்டும் செயலி பழுதானால் மாற்ற வேண்டும், அதற்கும் பணம் வேண்டும். ஒரு கூலிக்காரர் குடும்பம் வாழ்நாள் முழுக்க உழைத்தாலும் எட்டாத தொகை. இந்த மாதிரிக் குடும்பங்களை நேரில் பார்த்துப் பழகாத ஒரு முதல்வருக்கு இதன் கனம் புரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை.

இனி ஜனசம்பர்க்க பரிபாடிக்கு வருகிறேன். மக்கள் தொடர்பு நிகழ்ச்சி. புதுப்பள்ளி முற்றத்தை அவர் மாநிலம் முழுக்க விரித்துப் போட்டது இதில்தான். முதல் முறை முதல்வரானபோதே தொடங்கிவிட்டார். 2011-க்குப் பிறகு அது பெரிய ஏற்பாடாக மாறியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நாள். மனுக்களை முன்கூட்டியே அக்ஷயா என்ற இணைய சேவை மையங்களிலும் கலெக்டர் அலுவலகத்திலும் வாங்கி, கணினியில் ஏற்றி எண் கொடுப்பார்கள். மாவட்ட அதிகாரிகள் தங்களால் முடிந்ததை முடித்துவிடுவார்கள். விதி இடம் கொடுக்காதது, முதல்வர் மட்டுமே முடிவெடுக்கக் கூடியது, மைதானத்துக்கு வரும். பெரும்பாலும் மருத்துவ உதவி, வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ரேஷன் கார்டு, வீடு, பட்டயம், வங்கிக் கடன். பட்டயம் என்றால் நம் பட்டாதான். முன்பதிவு செய்யாமல் நேராக வந்து நிற்பவர்களும் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களையும் திருப்பி அனுப்புவதில்லை.

காலையில் ஆரம்பித்தால் மறுநாள் அதிகாலை வரை நீளும். மேடையில் உட்கார்ந்துகொண்டு ஆளை வரவழைப்பது குறைவு. பந்தலுக்குள் இறங்கி நின்றுகொண்டே கேட்பார். அதிகாரிகள் கோப்போடு பக்கத்திலேயே நிற்க வேண்டும். அறுபத்தெட்டு, எழுபது வயதுக்காரர் ஒருவர் பச்சைத் தண்ணீரும் ஏதோ கொஞ்சம் சாப்பாடுமாக அவ்வளவு நேரம் நிற்பதைப் பார்க்க வந்த கூட்டமும் உண்டு. 2013-இல் ஐ.நா. பொதுச்சேவை விருது இந்த நிகழ்ச்சிக்குத்தான் கிடைத்தது. அந்த ஜூன் மாதம் பஹ்ரைனில் போய் வாங்கினார்.

இடதுசாரிகள் அப்போதே கடுமையாக விமர்சித்தார்கள். வில்லேஜ் ஆபீசர் செய்ய வேண்டிய வேலையை முதலமைச்சர் செய்கிறார் என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம். ஒரு ரேஷன் கார்டு திருத்தத்துக்கு முதல்வர் வேண்டும் என்றால், அந்த மாநிலத்தில் தாலுகா சப்ளை ஆபீஸ் எதற்கு இருக்கிறது? முதல்வர் கொடுத்தது உரிமையா, தயவா? மைதானத்துக்கு வர முடிந்தவருக்குக் கிடைத்தது, வர முடியாதவருக்கு ஏன் கிடைக்கவில்லை?

இந்தக் கேள்விகளில் கடைசிக் கேள்வியை நான் முழுதாக ஏற்கிறேன். படுக்கையில் கிடந்த நோயாளிகளை ஆம்புலன்சிலும் ஸ்ட்ரெச்சரிலும் மைதானத்துக்குத் தூக்கி வந்தார்கள். முதல்வர் கண்ணில் பட்டால்தான் தொகை கூடும் என்று குடும்பங்கள் நம்பின. அந்த நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. வலியில் இருப்பவரை வெயிலில் கொண்டுவந்து காட்ட வேண்டிய நிலையை எந்த அரசும் உண்டாக்கக் கூடாது. ஓர் அதிகாரி வீட்டுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினால் போதும். இதை உம்மன் சாண்டி ஆரம்பத்திலேயே தடுத்திருக்க வேண்டும். அவருடைய இரக்கத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்த ஒரு விஷயத்தை அநேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனம் வரவில்லை.

மற்ற வாதத்தில் பாதிதான் எனக்கு உடன்பாடு. வில்லேஜ் ஆபீசர் ஏன் செய்யவில்லை என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் அவருக்கு அதிகாரம் இருக்காது. ஒருவர் குடும்பத்தில் நான்கு சக்கர வாகனம் இருந்தால் ஏழைகள் பட்டியலில் இடமில்லை என்று விதி சொல்லும். மகன் கடனுக்கு வாங்கிய பழைய வண்டியும் அந்த விதியில் மாட்டும். விதிப்படி நடந்தால் அந்தக் குடும்பத்துக்கு அநியாயம். விதியை மீறினால் அடுத்த தணிக்கையில் ஆபீசரின் சம்பளத்தில் பிடித்தம். அவர் கோப்பை மேலே அனுப்பிவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் அவருக்குப் பாதுகாப்பு. அப்படி மேலே போகிற கோப்பு கடைசியில் நிற்கும் இடம் முதல்வர் மேஜை. அங்கே ஒரே மாதிரியான முந்நூறு மனுக்கள் ஒரே நாளில் வந்தால், விதியில்தான் கோளாறு என்று தெரிந்துவிடும். ஜனசம்பர்க்கத்தில் வந்த மனுக்களைப் பார்த்து விதிகளையே மாற்றி அரசாணைகள் போட்டார்கள். மைதானத்தில் கையெழுத்தான தொகைகளைவிட அந்த ஆணைகள் பெரியவை. மைதானத்துக்கு வராதவர்களுக்கும் அவை போய்ச் சேர்ந்தன. ஆனால் பத்திரிகைப் படத்தில் வந்தது நள்ளிரவில் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் முதல்வர்தான். அரசாணையைப் படம் பிடிக்க முடியாது.

திறந்த கதவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. 2011 ஜூலை 1 அன்று முதல்வர் அலுவலகத்தில் கேமரா வைத்து, இருபத்து நான்கு மணி நேரமும் இணையத்தில் நேரடியாகக் காட்ட ஆரம்பித்தார். யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்து, முதல்வர் யாரைச் சந்திக்கிறார் என்று பார்க்கலாம். வெளிநாட்டுப் பத்திரிகைகள்வரை எழுதின. கோட்டயத்தில் எங்கள் கடையில்கூட அதை வைத்துப் பார்த்தோம். நாற்காலிகள், கோப்புகள், வருவதும் போவதுமாக ஆட்கள்.

2013-இல் சோலார் மோசடி வெடித்தது. வீடுகளுக்குச் சூரிய மின்சாரத் தகடு அமைத்துத் தருவதாகவும், காற்றாலையில் பங்கு தருவதாகவும் சொல்லிப் பலரிடம் பணம் பறித்த ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியை நடத்திய பெண்ணோடு முதல்வரின் உதவியாளர்கள் போனில் தொடர்ந்து பேசியிருந்தார்கள். அப்போதுதான் மாநிலத்துக்கு ஒரு விஷயம் உறைத்தது. உம்மன் சாண்டிக்குச் சொந்தமாக மொபைல் போனே கிடையாது. யாராவது பேச வேண்டும் என்றால் உதவியாளர் போனுக்கு அடிப்பார்கள், அவர் வாங்கிப் பேசுவார். புதுப்பள்ளியில் எங்கள் சேட்டனுக்காக அவர் இரவல் வாங்கிய போனும் அந்தப் பழக்கத்தில் வந்ததுதான். அன்று அதில் எளிமையைப் பார்த்தோம். முதல்வராக இருக்கும்போது அதே பழக்கம், அந்தப் போன்களை வைத்திருந்தவர்களுக்கு முதல்வரின் வாசலையே கொடுத்துவிட்டது. ஓர் உதவியாளர் கைதானார். பஹ்ரைனில் விருது வாங்கிய அதே நாட்களில் திருவனந்தபுரம் தெருவில் ராஜினாமா கோஷம் கேட்டது. ஆகஸ்டில் இடதுசாரிகள் தலைமைச் செயலகத்தை முற்றுகையிட்டார்கள்.

அந்தப் பெண் முதல்வர் அலுவலகத்துக்கு வந்தாரா, வந்தால் என்ன பேசினார்கள் என்ற கேள்வி எழுந்தபோது எல்லாரும் கேமராவைத் திரும்பிப் பார்த்தார்கள். அது நேரலை மட்டும்தான், காட்சிகளைச் சேமித்து வைக்கும் ஏற்பாடு இல்லை என்று பதில் வந்தது. உலகமே பார்க்கத் திறந்து வைத்த அறையைப் பற்றித் தேவையான நேரத்தில் காட்ட ஒரு துண்டுக் காட்சிகூட இல்லை. உம்மன் சாண்டியின் முறையில் ஆதாரமான குறை இதுதான் என்று நான் நினைக்கிறேன். காதில் வாங்கினார், கண்ணில் பட்டது, உடனே செய்தார். ஆனால் யார் வந்தார், என்ன கேட்டார், யார் மூலம் வந்தார், என்ன முடிவானது என்று எழுதி வைக்கும் பழக்கம் வீட்டு முற்றத்திலும் இல்லை, அலுவலகத்திலும் இல்லை. மைதானத்து மனுக்களுக்கு எண் கொடுத்த அதே அரசு, முதல்வர் அறைக்கு வந்தவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் போடவில்லை. அப்படி ஒன்று இருந்திருந்தால் குற்றவாளி சீக்கிரம் மாட்டியிருப்பார். உம்மன் சாண்டி நிரபராதி என்பதும் சீக்கிரம் தெரிந்திருக்கும்.

அதற்குப் பதிலாக அந்த விவகாரம் கிட்டத்தட்ட பத்து வருடம் இழுத்தது. 2013 அக்டோபரில் கண்ணூரில் அவர் காரை மறித்துக் கல் எறிந்தார்கள், கண்ணாடி உடைந்து காயமானார். 2016 ஜனவரியில் நீதிபதி சிவராஜன் கமிஷன் முன்னால் உட்கார்ந்து பத்து மணி நேரத்துக்கும் மேல் பதில் சொன்னார். பதவியில் இருக்கும் ஒரு முதல்வர் விசாரணைக் கமிஷனுக்கு நேரில் வந்து அப்படி உட்காருவது இந்த நாட்டில் அபூர்வம். அந்த ஆண்டுத் தேர்தலில் அவருடைய கூட்டணி 47 இடத்துக்குச் சுருங்கியது. எதிர்க்கட்சித் தலைவர் பதவி வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். பிறகு கமிஷன் அறிக்கை வந்தது, பாலியல் புகார் வந்தது, வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2022 டிசம்பரில் அவருக்கு எதிராக ஆதாரம் இல்லை என்று சி.பி.ஐ. சொன்னபோது அவர் நோயில் படுத்திருந்தார்.

புதுப்பள்ளி இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டது? 2011-இல் 33,255 ஓட்டு வித்தியாசம். சோலார் முழக்கத்துக்கு நடுவே 2016-இல் 27,092. தூக்கி எறியவில்லை. 2021-இல்தான் அடி விழுந்தது, 9,044. எதிரே நின்றவர் ஜெய்க் சி. தாமஸ், மார்க்சிஸ்ட் கட்சி இளைஞர். ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாய கிறிஸ்தவ சபைகளின் தகராறு, கொரோனா காலத்து இடதுசாரி அலை என்று பல காரணம் சொன்னார்கள். எனக்கு இன்னொன்றும் தோன்றும். அவருக்குத் தொண்டை போய்க்கொண்டிருந்தது. குரல் கம்மி, பிறகு காற்றாகிவிட்டது. மேடைப் பேச்சில் அவர் பெரிய ஆள் இல்லை, அதனால் மேடைக்கு நட்டமில்லை. ஆனால் ஐம்பது வருடமாகக் கேள்வி கேட்டுக் கேட்டுக் கோப்பைக் கண்டுபிடித்தவருக்குக் கேட்கக் குரல் இல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! கொரோனா வந்து ஞாயிற்றுக் கூட்டத்தையும் கலைத்துவிட்டிருந்தது. புதிய வாக்காளர்களில் நிறையப் பேர் அந்த முற்றத்தில் ஒரு முறைகூட நின்றிருக்க மாட்டார்கள்.

2022 ஆகஸ்டில், பாலா தொகுதியின் கே.எம். மாணியைத் தாண்டி, கேரளச் சட்டமன்றத்தில் மிக அதிக நாள் உறுப்பினராக இருந்தவர் ஆனார். 2023 ஜூலை 18 அன்று பெங்களூருவில் இறந்தார். மறுநாள் திருவனந்தபுரத்திலிருந்து அரசு பஸ் ஒன்றில் உடலை ஏற்றி, எம்.சி. ரோடு வழியாகக் கோட்டயம் கொண்டுவந்தார்கள். நூற்றைம்பது கிலோமீட்டர் தூரம். ஒரு பகல், ஒரு இரவு முழுக்கப் போயும் கோட்டயம் வந்து சேர இருபத்தெட்டு மணி நேரம் ஆனது. மழையில் நின்றார்கள், கைக்குழந்தையோடு நின்றார்கள். ‘கண்ணே, கரளே, குஞ்ஞூஞ்ஞே’ என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அரசு மரியாதை வேண்டாம் என்று குடும்பம் சொல்லிவிட்டது, அது அவர் விருப்பம். துப்பாக்கிக் குண்டு முழக்கம் இல்லாமல் புதுப்பள்ளி தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

பிறகு ஒரு விஷயம் நடந்தது. கல்லறைக்கு வருகிறவர்கள் மெழுகுவர்த்தியோடு மனுவும் வைக்க ஆரம்பித்தார்கள். வேலை வேண்டும், கடன் தீர வேண்டும், விசா வர வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். அதைப் பக்தியாகச் சிலர் கொண்டாடினார்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. அந்த மனுக்களுக்கு முகவரி ஓர் எம்.எல்.ஏ. அலுவலகமாக இருந்திருக்க வேண்டும். செப்டம்பர் இடைத்தேர்தலில் மகன் சாண்டி உம்மன் 37,719 ஓட்டு வித்தியாசத்தில் வென்றார். அப்பா ஒருநாளும் வாங்காத வித்தியாசம் அது.

அதே ஆண்டு நவம்பரில் பினராயி விஜயன் மொத்த அமைச்சரவையையும் ஒரு பஸ்ஸில் ஏற்றி, மஞ்சேஸ்வரத்திலிருந்து தெற்கே ‘நவகேரள சதஸ்’ நடத்தினார். ஒவ்வொரு தொகுதியிலும் கவுன்டர் போட்டு மனு வாங்கினார்கள். ரசீது கொடுத்தார்கள். முதல்வர் மேடையில் பேசினார், மனுக்கள் துறைகளுக்குப் போயின. ஜனசம்பர்க்கத்தில் இல்லாத ஒழுங்கு இதில் இருந்தது. ஆனால் மனு கொடுத்தவர் முதல்வரிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. தமிழ்நாட்டிலும் நமக்கு இது பழகியதுதான். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது. ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’, ‘மக்களுடன் முதல்வர்’, ‘உங்களுடன் ஸ்டாலின்’ என்று முகாம்கள் வந்தன. மனுவுக்கு எண் கிடைக்கிறது, போனில் குறுஞ்செய்தி வருகிறது. இவற்றால் பயன் பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் எந்த அலுவலகத்தின் மீது புகாரோ, அதே அலுவலகத்துக்கே மனு திரும்பிப் போய், ‘விதிமுறைப்படி பரிசீலிக்கப்பட்டது’ என்ற ஒரு வரியோடு முடித்து வைக்கப்படுவதும் நடக்கிறது. அந்த வரியை எழுதியவரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, எந்த விதி, எத்தனாவது பிரிவு என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

ஒரு சட்டமன்ற உறுப்பினரால் இதைச் செய்ய முடியும். முதல்வராக வேண்டியதில்லை. எங்கள் சேட்டன் போனபோது உம்மன் சாண்டி எதிர்க்கட்சியில்தான் இருந்தார். வாரத்தில் ஒரு நாள், எல்லாருக்கும் தெரிந்த ஓர் இடம், வந்தவர் பெயரும் விஷயமும் எழுத ஒரு நோட்டு, அதிகாரியிடம் கேட்க இரண்டு கேள்வி. மாதம் ஒரு முறை அந்த நோட்டைப் புரட்டினால், எந்த விதியால் எத்தனை பேர் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதை அப்படியே சட்டமன்றத்தில் கேள்வியாக எழுதிக் கொடுக்கலாம், கேள்வி ஏற்கப்பட்டால் அமைச்சர் பதில் சொல்ல வேண்டி வரும். புதுப்பள்ளியில் நோட்டு ஒன்றுதான் இல்லாமல் போனது. எங்கள் கம்பம் தொகுதியில் அடுத்து ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்தக் கிழமை, எந்த இடம் என்று நான் கேட்கப் போகிறேன். பதிலைத் தேதி போட்டு எழுதியும் வைப்பேன்.